மூன்று புள்ளிப் பீங்கான்

பிஸ்மில்லாஹ்.

இதை எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று கொப்பி வாங்கினேன். முதல் கொப்பியில் பேரப்பிள்ளை படம் வரைந்து முடித்துவிட்டாள். இரண்டாவதில் மனைவி சாமான் பட்டியல் எழுதினாள். மூன்றாவதை நானே அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, திறப்பு தொலைந்துவிட்டது என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். வருடங்கள் போய்விட்டன. உண்மையில் நான் தயங்கியதற்குக் காரணம், இதில் என்னுடைய வெட்கம் ஒன்று இருக்கிறது என்பதுதான். நான் எட்டாம் வகுப்புப் படித்த சாரதி, பெரிய எழுத்துக்காரன் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுகாதாரப் பணிமனைகளில் புதிதாகச் சாரதி வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்காக எழுதுகிறேன். வண்டி ஓட்டுவது பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். அது உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் வேலை கிடைத்திருக்காது. வண்டியை எங்கே நிறுத்த வேண்டும், எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம்.

கொரோனாக் காலத்தில் கல்முனைப் பக்கத்தில் எங்கள் வேன் ஓடாத சந்து ஒழுங்கை இல்லை. வேனுக்கு மேலே இரண்டு ஒலிபெருக்கி. என் பக்கத்தில் பி.எச்.ஐ. தம்பி, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளை. ஆட்களுக்கு முன்னால் அவரை நான் ‘சேர்’ என்பேன், வேனுக்குள்ளே ‘மனே’ என்பேன். அவர் எங்கேயும் என்னைச் சித்தப்பா முறையில் ‘சாச்சா’ என்றுதான் கூப்பிடுவார். பின் சீட்டில் சொறிக்கல்முனையைச் சேர்ந்த மிட்வைஃப் மிஸி. இருபது வருடமாக எங்கள் பகுதியில் பிள்ளை பிறக்கிற வீடெல்லாம் ஏறி இறங்கியவ. எந்த வீட்டுக் குசினியில் உப்பு எங்கே இருக்கும் என்பதுகூட அவவுக்குத் தெரியும். என்னை ‘காக்கா’ என்பா, எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் எல்லாரும் உலக அரசாங்கங்களைப் பற்றிக் கதைத்தார்கள். ஏனென்றால் வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டில். நாங்கள் “வீட்டுக்குள்ளே இருங்க” என்று அறிவித்துக்கொண்டு போனால், கேற்றுக்குக் கேற்று ஆட்கள் நின்று எங்களுக்குப் பாடம் எடுப்பார்கள்.

“கட்டாரில போனுக்குள்ள ஒரு ஆப். அது பச்சையாக் காட்டினாத்தான் கடைக்குள்ள விடுவான். என்ட மகன் சொன்னான்.”

“இத்தாலியில வீட்டை விட்டு இறங்கிறதெண்டா கடிதம் எழுதிக் கையில வெச்சிரிக்கணுமாம்.”

“சுவீடனில சின்னப் புள்ளைகள்ட பள்ளிக்கூடத்தையே மூடல்ல. நீங்க என்னடாண்டா என்ட தேத்தண்ணிக் கடையை மூடிப்போட்டீங்க.”

“பனாமா எண்டு ஒரு நாடு இரிக்காம். ஆம்புளைகளுக்கு ஒரு நாள், பொம்புளைகளுக்கு ஒரு நாள். இஞ்சயும் அப்பிடிச் செய்யச் சொல்லுங்க. பொஞ்சாதியோட கடைக்குப் போற கரைச்சல் இல்லாமப் போயிரும்.”

எங்கள் நாட்டில் அடையாள அட்டையின் கடைசி இலக்கம் பார்த்து வெளியே விட்ட காலம் அது. என்னுடைய இலக்கமும் மனைவியுடைய இலக்கமும் ஒரே நாளில் வந்தபடியால் அந்தப் பனாமாக்காரனின் கவலை எனக்கு நன்றாக விளங்கியது.

ஒருநாள் இந்தக் கதைகள் வேனுக்குள்ளேயும் வந்துவிட்டன. கொரியாக்காரன் போனையும் பேங்க் கார்ட்டையும் வைத்து ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் திறம் என்றார் தம்பி. நியூசிலாந்துக்காரனைப் போல நாட்டை இழுத்து மூடுவதுதான் சரி என்றேன் நான். “அங்க ஆளை விட ஆடுதான் கூட சாச்சா, மூடலாம். எங்கட ஊரில மூடிப் பாருங்களன்!” என்றார் அவர். “உங்கட மாமியார்ர வாயை மூடுறது தவிர மத்த எல்லாத்தையும் மூடலாம் மனே” என்றேன் நான். அரை மைல் தூரம் இப்படியே சண்டை பிடித்துக்கொண்டு போனோம். பிறகுதான் பார்த்தால், கேற்றுகளில் நின்ற சனம் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. ஒலிபெருக்கியின் சுவிச் போட்டபடியே இருந்திருக்கிறது. ஒரு வீட்டு மதிலுக்கு மேலால் தம்பியின் மாமியார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா. அல்லாஹ்வே! அன்றிலிருந்து சுவிச்சை இரண்டு தடவை பார்க்காமல் நான் வாய் திறந்ததில்லை. நீங்களும் பாருங்கள்.

இனி வெட்கத்துக்கு வருகிறேன்.

யாலப் போகத்து வெள்ளாண்மை விளைந்து, நெல் வெட்டுக்கு நின்ற நேரம். கொழும்புக்குப் போய் வந்த லொறிக்காரர் ஒருவருக்கு நோய் உறுதியாகி, செவ்வாய்க்கிழமை காலையில் அவரைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் பணிமனைக்குப் பொறுப்பான டொக்டர் போனில் சொன்னா: “அஞ்சு மணிக்கு முதல் எனக்கு விவரம் வேணும். அவர்ர வீட்டாக்கள் ஆரோட பழகினது எண்டு தெரிஞ்சா அந்த வீடுகளை மட்டும் மூடுவன். தெரியாட்டி முழு வட்டாரத்தையும் மூடுறதுதான்.” முழு வட்டாரமும் மூடினால் வெட்டு மெசின் வயலுக்குப் போகாது. விளைந்த நெல் அப்படியே சாய்ந்துவிடும். அது ஊரின் கவலை. என்னுடைய கவலை வேறு. வெள்ளிக்கிழமை என் கடைசி மகளுக்கு நிக்காஹ். ஏற்கெனவே இரண்டு தடவை ஊரடங்கில் தள்ளிப்போன நிக்காஹ். மாப்பிள்ளை கட்டாரில் வேலை. லீவு முடிய இரண்டு கிழமைதான். இந்த முறையும் தவறினால் இன்னும் இரண்டு வருடம்.

லொறிக்காரரின் வீட்டுக் கேற்றடியில் நின்று அவருடைய மனைவியிடம் தம்பி கேட்டார்: “ராத்தா, போன கிழமை ஆரோட எல்லாம் பழகினீங்க?”

“ஒருத்தரோடயும் இல்ல சேர். குர்ஆன் மேல சத்தியமாக் கேற்றைத் தாண்டல்ல.”

பக்கத்து வீட்டில் கேட்டாலும் அதே பதில். சனத்தின் பயம் எனக்கு விளங்கியது. முந்திய வருடம் கொரோனாவில் இறந்த எங்கள் ஆட்களின் மையித்துகளை, அடக்க விடாமல் எரித்தார்கள். அதைப் பற்றி எழுத என் கைக்கு இன்னும் தெம்பு வரவில்லை. பிறகு அடக்க விட்டாலும் பயம் போகவில்லை. பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் கதவைச் சாத்தினார்கள். ஆனால் அந்த ராத்தா பொய் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்தது மிஸிதான்.

“ராத்தா, உங்கட குசினியில மத்த வீட்டுப் பீங்கான் எத்தனை கிடக்கு?”

“ஏழு.”

“உங்கட பீங்கான் எத்தனை வெளியில?”

“அஞ்சோ ஆறோ. ஏன் மிஸி?”

“அதைக் கொண்டு போனது ஆரு?”

“நாந்தான், பின் வேலிக்குள்ளால. அது பழகினதா மிஸி? பீங்கான் குடுத்ததுதானே!”

தம்பி என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் நாங்கள் பிழையான கேள்வியைக் கேட்டிருக்கிறோம். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து வட்டிலப்பம் அவித்தால் நாலு வீட்டுக்குப் போகும். வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க ஒரு பெண்ணுக்கும் மனம் வராது. மாம்பழமோ, முட்டையோ, ஒரு பிடி பேரீச்சம்பழமோ வைத்துத்தான் கொடுப்பார்கள். வாங்கினவ பிறகு இன்னொன்று செய்து அனுப்புவா. ஊரடங்கு போட்டால் கடைதான் மூடும். இது இன்னும் கூடத்தான் நடக்கும், பாவம், கடை இல்லையே என்று. “பீங்கானுக்குக் கால் இல்ல காக்கா. அதோட ஒரு ஆளும் போகும், அந்த ஆளுக்கு ஒரு வாயும் இரிக்கும்” என்றா மிஸி. கொரியாக்காரனுக்குப் போன் இருந்தது. எங்களுக்குப் பீங்கான்!

அதற்குப் பிறகு வேலை குதித்துக்கொண்டு ஓடியது. எல்லா வீட்டிலும் பீங்கான்களைக் கொண்டுவந்து மதிலில் கவிழ்த்து வைக்கச் சொன்னோம். அடியில் நகப்பூச்சால் அடையாளம் போட்டிருப்பார்கள். ஒரு எழுத்து, ஒரு பூ, ஒரு பிறை. ஒரு வீட்டில் சண்டையே வந்தது. “இது ரெண்டு வருசமாக் காணாமப் போன என்ட பீங்கான்! இவட வீட்டிலயா இரிந்திச்சு?” என்று எதிர் வீட்டுப் பெண் கேற்றுக்குப் பின்னால் நின்று கத்தினா. நோயைத் தேடிப் போன நாங்கள் கள்ளனையும் பிடித்துக் கொடுத்தோம்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. “சாச்சா, வலப்பக்கம் நானும் மிஸியும். இடப்பக்கம் நீங்க” என்று ஒரு தாளை என் கையில் தந்தார் தம்பி.

இடப்பக்கம் முதல் வீடு லொறிக்காரரின் மச்சினியுடையது. எங்கள் ஊரில் அக்கா தங்கைமாரின் வீடுகள் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். அவ ஏழு பீங்கானைக் கொண்டுவந்து கவிழ்த்தா. ஏழாவதைக் குனிந்து பார்த்தேன். சிவப்பு நகப்பூச்சில் மூன்று புள்ளி.

“என்ன காக்கா முழிக்கிறீங்க? இது உங்கட வீட்டுதானே!” என்று சிரித்தா அவ. “ஞாயித்துக்கிழமை உங்கட பொஞ்சாதி வட்டிலப்பம் கொண்டந்தா. கலியாணக் கதையெல்லாம் கதைச்சம். லொறி மச்சானும் அப்பத்தான் வந்து ரெண்டு துண்டு திண்டிட்டுப் போனார்.” இருமிக்கொண்டே உள்ளே போய், இரண்டு பழுத்த மாம்பழத்தைக் கொண்டுவந்து பீங்கானில் வைத்தா. “கொண்டு போங்க. வெறும் பீங்கான் தந்ததெண்டு குறை வரக்கூடாது.”

நான் தாளில் ஆறு வீட்டின் பெயரை எழுதினேன். ஏழாவதை எழுதவில்லை. பீங்கானை மாம்பழத்தோடு ஒரு பைக்குள் போட்டு, வேனில் என் சீட்டுக்குக் கீழே தள்ளினேன்.

தம்பிமாரே, அந்த நேரத்தில் என் தலைக்குள்ளே ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. மனைவிக்கு இருமல் இல்லை. நான்கே நாள். வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடியட்டும், சனிக்கிழமை நானே போய்ச் சொல்கிறேன், அல்லாஹ் மன்னிப்பான். உலகத்திலுள்ள அரசாங்கமெல்லாம் தடுமாறுகிற நேரத்தில் ஒரு சாரதி தடுமாறினால் என்ன? இப்படி நியாயம் தேடினால் நூறு கிடைக்கும். நியாயம் தேட வேண்டி வந்தாலே பிழை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பின்னேரத் தொழுகையான அஸரின் நேரம் வந்தது. வேனைப் பள்ளிக்கூட மதிலோரம் நிறுத்தி, தம்பியும் நானும் இடைவெளி விட்டுத் தொழுதோம். வயதில் மூத்தவன் என்று தொழுகை நடத்த என்னை முன்னால் நிறுத்தினார். நான் தொழுதது அல்லாஹ்வுக்கு முன்னால், என் நினைவு இருந்தது சீட்டுக்குக் கீழே. அஸருக்கு நாலு ரக்அத்தான், நாலும் முடிந்த பிறகு ஐந்தாவதுக்கு எழும்பி நின்றுவிட்டேன். பின்னாலிருந்து தம்பி “சுப்ஹானல்லாஹ்!” என்று சத்தமாக நினைவூட்டினார். குந்தி, மறதிக்கான சுஜூதும் செய்து ஸலாம் கொடுத்தேன்.

“என்ன சாச்சா, கலியாணச் சந்தோசத்தில ஒண்டு கூடக் குடுக்கப் பாத்தீங்களா?” என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

வேனில் ஏறினோம். வெயிலில் நின்ற வேன். மிஸி மாஸ்க்குக்குள்ளால் மூக்கை உறிஞ்சினா. “மாம்பழம் மணக்குது. ஆரு காக்கா, எங்களுக்குத் தெரியாம?”

“மாம்பழமா? எனக்கு ஒண்டும் மணக்கல்லியே” என்றார் தம்பி.

மிஸி திடுக்கிட்டுத் திரும்பினா. “மணக்கல்லியா? இவ்வளவு மணக்குது, உங்களுக்கு மணக்கல்லியா?”

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. மணம் தெரியாமல் போவது அந்த நோயின் அறிகுறி என்று ஊருக்கே பாடம் எடுத்தவர் அவர்தான். டாஷ்போட்டில் இருந்த கைகழுவும் திரவத்தை எடுத்து மோந்தார். “இதும் மணக்கல்ல!” தன் கக்கத்தை மோந்தார். “அல்லாஹ்வே, இதும் மணக்கல்ல! மிஸி, என்ட பொஞ்சாதிக்குச் சொல்லிருங்க!”

“சேர், முதல்ல அந்த மூணு மாஸ்க்கில ரெண்டைக் கழட்டுங்க” என்றா மிஸி.

கழற்றினார். ஒரு மூச்சு இழுத்தார். “மாம்பழம்! அல்ஹம்துலில்லாஹ், மாம்பழம்!” என்று என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். மிஸிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. “ஓம் ஓம், ஒரு வீட்டில தந்தது” என்று நான் மழுப்பினேன். அதுவும் அப்படியே போய்விட்டது. நான் தப்பிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவ்வளவு சுலபமாகத் தப்பினேன்.

தம்பி பட்டியலைக் கூட்டிப் பார்த்தார். “பதினொரு வீடு. சங்கிலி முடிஞ்சிட்டு சாச்சா. டொக்டருக்குச் சொல்லப்போறன்.”

“அப்ப என்னைப் பின் ஒழுங்கையில இறக்கிவிடுங்க காக்கா” என்றா மிஸி. “அங்க ஒரு புள்ளைக்கு மாசம் நிறைஞ்சிட்டு. இண்டைக்கோ நாளைக்கோ. பாத்துட்டு, இன்னும் நாலு வயித்துப்புள்ளைக்காரிகளையும் பாக்கணும். அவள்ட வீடு பட்டியலில இல்லத்தானே?”

இல்லை. பட்டியலில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த மச்சினி வீட்டிலிருந்து நேராக என் மனைவி போனது அந்தப் பிள்ளை வீட்டுக்குத்தான். வட்டிலப்பத்தில் முதல் துண்டு வயித்துப்பிள்ளைக்காரிக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டு போனாள். அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்ததை வீட்டுக்கு வந்து எனக்கே சொன்னாள்.

வேனை நடு ரோட்டில் நிறுத்தினேன்.

“மனே, போனை வை. நான் எழுதாம விட்ட வீடு ஒண்டு இரிக்கு. என்ட வீடு.” சீட்டுக்குக் கீழே கை விட்டுப் பீங்கானை எடுத்தேன். மாம்பழம் இரண்டும் உருண்டு பிரேக்கடியில் விழுந்தன. “மிஸி அந்தப் புள்ளைட வீட்டுக்குள்ள போகவேணாம். என்ட பொஞ்சாதி அங்க போனவ. மாப்புள வீட்டுக்கும் போனவ.”

ஒருவரும் சிரிக்கவில்லை. தம்பி பீங்கானையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு கேட்டார்: “எப்ப கண்டீங்க சாச்சா?”

“அஸருக்கு முந்தி.”

“அதான் அஞ்சாவது ரக்அத்தா?”

மிஸி மட்டும் மெதுவாகச் சொன்னா: “இறங்குங்க காக்கா. சேர் ஓட்டட்டும். நீங்க பின்னால வந்து, யன்னலைத் திறந்து வெச்சிட்டு இருங்க.” திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போன் எடுத்து மனைவிக்குச் சொன்னேன். நிக்காஹ் போய்விட்டதே என்று அழுவாள் என்று காத்திருந்தேன். “இஞ்சேருங்க, அந்தப் புள்ளைக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். எட்டாம் வகுப்பும் படிக்காதவள் அவள்.

அன்று பின்னேரமே அந்தப் பிள்ளைக்கும் எங்களுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பரிசோதனைக்கு எடுத்தார்கள். வியாழக்கிழமை முடிவு வந்தது. எங்கள் வீடும் மாப்பிள்ளை வீடும் சுகம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் நோய் இருந்தது. காய்ச்சல்கூட இல்லை. அது என் மனைவியால் வந்ததில்லை, வேறு யார் வழியாகவோ வந்தது; ஆனால் நான் சொல்லியிராவிட்டால் அவளை அன்று ஒருவரும் பரிசோதித்திருக்கமாட்டார்கள். மிஸி அன்று உள்ளே போயிருந்தால் அந்த நாலு வீட்டுக்கும் அது போயிருக்கும். வெள்ளிக்கிழமை விடியற்கால ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு, எல்லா ஆயத்தத்தோடும் காத்திருந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பொம்பிளைப்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அல்ஹம்துலில்லாஹ். வட்டாரத்தை மூடவில்லை. வெட்டு மெசின் வயலுக்கு இறங்கியது.

எங்கள் கேற்றில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஒட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக் கேற்றிலும் அதே. மகள் ஒரு அறைக்குள், நான் ஒரு மூலையில். அந்த வெள்ளிக்கிழமை காலையில் டொக்டர் போன் எடுத்தா.

“டிரைவர் காக்கா, உங்கட ஊரில மாப்புளதானே பொம்புள வீட்டுக்கு வந்து இரிக்கிறது?”

“ஓம் டொக்டர்.”

“ரெண்டு வீடும் நெகட்டிவ். ரெண்டு வீடும் எப்பிடியும் பதினாலு நாள் உள்ள இரிக்கத்தான் வேணும். அவர் எங்க இரிந்தா எனக்கென்ன? வந்து உங்கட வீட்டில இரிக்கட்டும். ஆனா ரோட்டில ஆள் கூடினா, மாப்புளையோட சேத்து எல்லாரையும் கொண்டு போயிருவன்.”

எங்கள் ஊரில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் சோடிப்பார்கள். என் மருமகன் வந்தது சுகாதாரப் பணிமனை வேனில். கோட்டுக்கு மேலே நீலப் பாதுகாப்பு உடுப்பு, தொப்பிக்கு மேலே பிளாஸ்டிக் முகமறை. ஓட்டியது தம்பி. ஒழுங்கை முனையில் வேனை நிறுத்திவிட்டு, இரண்டாம் கியரில் எடுக்கப் பார்த்து மூன்று தடவை நிற்கவைத்தார். நான் கேற்றுக்குள்ளே நின்று “கிளச்! கிளச்!” என்று கத்தினேன். பதிவாளர் ரோட்டில் நின்று வேன் பொனட்டில் புத்தகத்தை விரித்தார். சாட்சி இரண்டு பேரும் ஆறடி தள்ளி. கேற்றுக்கு உள்ளே பெண்ணைக் கொடுக்கிற பொறுப்பாளியாக, அதாவது ‘வலி’யாக நான், வெளியே மாப்பிள்ளை. கைபிடிக்க முடியாது. முகமறைக்குள்ளால் அவர் ஏற்றுக்கொண்டது ஒருவருக்கும் கேட்கவில்லை. தம்பி ஓடிப்போய் வேனுக்குள்ளிருந்து ஒலிபெருக்கி மைக்கை இழுத்தெடுத்து அவர் வாய்க்கு முன்னால் பிடித்தார்.

“கபில்த்து!” என்று ஊர் முழுக்கக் கேட்டது.

அப்போது பூட்டிய கேற்றுகளுக்குப் பின்னாலிருந்து பெண்கள் குரவை போட்டார்கள். முதலில் மச்சினி வீட்டில், இருமலோடு. பிறகு எதிர் வீட்டில், அதற்கடுத்ததில். முழு ஒழுங்கையும் குரவை. பதினொரு வீட்டிலும் ஒரு ஆள் வெளியே வரவில்லை. கேற்றைத் திறந்து மருமகனை உள்ளே எடுத்தேன். பதினாலு நாளும் அவரும் நானும் விளையாடிய கெரம்போட்டில் ஒரு நாளாவது என்னை வெல்ல விட்டாரா என்று கேட்காதீர்கள்.

தம்பிமாரே, ஊரில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி உலாவுகிறது. நான் பீங்கானைக் கண்டவுடனே சொன்னேனாம். மகளின் நிக்காஹையும் பார்க்காமல் சத்தியத்துக்கு நின்றேனாம். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ஒருவர் என்னை எழுப்பி நிறுத்தி மற்றவர்களுக்குக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது இரண்டாவது ஒளிப்பு. அதனால்தான் இதை எழுதினேன்.

உங்களுக்குப் பிறகு வருகிற சாரதிமாருக்கும் இதைச் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். சிரிக்கிற இடத்தில் சிரிக்கட்டும். ஆனால் அஸருக்கு முந்திக் கண்டதை அஸருக்குப் பிந்தித்தான் சொன்னான் என்ற இடத்தை மட்டும் ஒருவரும் எனக்காக அழித்துவிடாதீர்கள்.